கராக்கோல்–பாலிக்சி லைன்

ஜூரா எஜேக்குப் பரீட்சை வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. மகளும் மகனும் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்டுல இப்ப பாடம் படிக்காதது பசுமாடு ஒண்ணுதான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் கராக்கோல் தொலைபேசி அலுவலகத்தில் அதுவரை பரீட்சை எழுதி யாரும் வேலையைக் காப்பாற்றிக்கொண்டதில்லை. சோவியத் காலத்து டிப்ளமா ஒன்று கையில் இருந்தால் போதும், ஓய்வு பெறும்வரை அதிலேயே ஓட்டிவிடலாம். 2011இல் கம்பெனி கைமாறியது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து புது நிர்வாகம் ஓர் உத்தரவு அனுப்பியது. இணைப்புப் பிரிவில் இருக்கிற எல்லோரும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற நெட்வொர்க் சான்றிதழ் ஒன்றை வாங்க வேண்டும். வாங்காதவர்கள் கவுண்டரில் உட்கார்ந்து சிம் கார்டு விற்கலாம். எங்கள் பிரிவில் நாங்கள் மூன்று பேர். ஜூரா எஜே, டுங்கான் தெருவிலிருந்து வருகிற இஸ்மார், நான். என் பெயர் பெரிஸாத். இஸ்மாரும் நானும் அவரைவிட ரொம்பச் சின்னவர்கள் என்பதால் எங்களுக்கு அவர் எஜே, அதாவது அக்கா.

அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை முடிந்ததும் பேட்டரி அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து படித்தோம். கட்டடத்திலேயே அந்த ஓர் அறையில்தான் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யும். இஸ்மார் வரும்போது அவன் அம்மா செய்த அஷ்லான்ஃபூவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருவான். வெளியே பனி கொட்டும். நாங்கள் புளித்த காரக் குழம்பில் மிதக்கிற குளிர்ந்த நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே பக்கம் புரட்டுவோம். புத்தகம் ருஷ்ய மொழியில் இருந்தது. பிஷ்கெக்கில் யாரோ நகலெடுத்து இரண்டு பாகமாகக் கட்டி விற்றது. படங்களில் பாதி கறுப்பாக அப்பியிருக்கும்.

புத்தகத்தில் இஸ்மாருக்கு ஆகாதது பழைய பாடங்கள். உலகத்தில் எங்கேயும் யாரும் உபயோகிக்காத சங்கதிகள் அதில் அத்தியாயம் அத்தியாயமாகக் கிடந்தன.

"எஜே, இந்த டோக்கன் ரிங்னு ஒண்ணு போட்டிருக்கானே, அத நீங்களாவது கண்ணால பாத்திருக்கீங்களா?"

"இல்லப்பா. கேள்விப்பட்டதோட சரி."

"ஹப்?"

"அதோ, கதவு ஆடாம இருக்க முட்டுக் குடுத்திருக்கே. அதுதான் ஹப்பு."

இஸ்மார் கதவைத் திரும்பிப் பார்த்தான். சாம்பல் நிறப் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடந்தது. "இவ்வளவு நாளா அத செங்கல்லுன்னு நெனச்சேன்" என்றான். பிறகு புத்தகத்தை மூடி மேஜைமேல் போட்டான். "செத்துப்போனவங்க ஜாதகத்த எல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க எஜே. உயிரோட இருக்கிறதப் படிக்கவே நேரம் பத்தல. யாரு கேக்கப் போறா இதையெல்லாம்?"

"பரீட்சை கேக்குமே."

"அந்தப் பரீட்சையும் செத்துத் தொலைஞ்சா நல்லா இருக்கும்."

ஜூரா எஜே அடுத்த அத்தியாயத்தைப் பிரித்தார். ஃப்ரேம் ரிலே என்று தலைப்பு. தூரத்து ஊர்களில் இருக்கிற அலுவலகங்களைத் தொலைபேசிக் கம்பெனியின் லைன் வழியாக ஒன்றோடொன்று இணைக்கிற பழைய முறை அது. பக்கத்தின் நடுவில் ஒரு படம்: இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி, நடுவில் மேகம். எஜே அந்தப் படத்தை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன எஜே, புரியலையா?" என்றேன்.

"புரியாம என்ன. இது எங்க கல்யாண ஃபோட்டோ" என்றார்.

அன்றைக்குப் படிப்பு நின்றுபோனது. எஜே சொல்ல ஆரம்பித்தார்.

1998 அது. கராக்கோலில் ஒரு வங்கி கிளை திறந்தது; இசிக்-குல் ஏரியின் மறு கோடியில் பாலிக்சியிலும் திறந்தது. இரண்டு கிளைக்கும் கணக்கு ஒன்றாக ஓட வேண்டும் என்று வங்கிக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். ஏரியின் வடகரை ஓரமாக மரக் கம்பங்களில் போகிற செம்புக் கம்பிதான் அப்போது எங்களுக்கு இருந்த ஒரே வழி. மழை பெய்தால் அது கரகரக்கும், காற்றடித்தால் ஊளையிடும். வழியில் இருக்கிற சோல்பான்-அத்தா பக்கத்துப் பையன்கள் கவண் வைத்துக் கம்பத்துப் பீங்கான் குமிழ்களைக் குறிபார்த்து உடைப்பார்கள். அந்தக் கம்பியின் இரண்டு முனையிலும் ரொட்டி டப்பா அளவுக்கு ஒவ்வொரு மோடத்தை வைத்து லைனைக் கிளப்பினார்கள். கராக்கோல் முனைக்குப் பொறுப்பு ஜூரா எஜே. பாலிக்சி முனைக்கு தெமிர்குல் என்று ஒருவர்.

லைன் வரும், கொஞ்ச நேரம் ஓடும். திடீரென்று பச்சை விளக்கெல்லாம் அணைந்து போகும். பிறகு தானே எழுந்து வரும். விக்கல் எடுத்த மாதிரி நாள் முழுக்க இதேதான். வங்கிக்காரர்கள் எஜேயைத் திட்டுவார்கள். எஜே பாலிக்சிக்கு ஃபோன் போட்டு தெமிர்குலைத் திட்டுவார். முகம் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான், எப்போதும் சளி பிடித்த மாதிரி கரகரத்த குரல்.

"கராக்கோல் பேசறேன். கோளாறு உங்க பக்கம்தான்."

"பாலிக்சி பேசறேன். எங்க பக்கம் தங்கமாட்டம் இருக்கு. உங்க பெட்டிய ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க எஜே."

"யாருக்கு யாரு எஜே? உங்க குரலக் கேட்டா எங்க தாத்தாகூட ஸ்கூலுக்குப் போனவர் மாதிரி இருக்கு."

"சரிங்க பேத்தி. பெட்டியத் தட்டுங்க."

எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்கள் எல்லாம் இதை ஒட்டுக் கேட்பார்களாம். ஒரு நாள் சண்டை இல்லையென்றால் ஏமாற்றமாகிவிடும் அவர்களுக்கு.

கடைசியில் எஜேக்குப் பொறுமை போய்விட்டது. நேரிலேயே போய் அந்தக் கிழவரின் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவது என்று ஜனவரி மாதம் ஒரு காலையில் பஸ் ஏறிவிட்டார். பாலிக்சியில் இறங்கியதும் உலான் என்கிற மேல்காற்று பிடித்துக்கொண்டது. தலையில் கட்டியிருந்த துணியை அது உருவிக்கொண்டு போய் ரயில் நிலைய வேலியில் மாட்டியது. துரத்திக்கொண்டு ஓடினால், நெட்டையாக ஓர் ஆள் வேலியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு நிற்கிறார்.

"நீங்கதான் கராக்கோலா?" என்றார், கரகரத்த குரலில்.

எஜே அண்ணாந்து பார்த்தார். தாத்தா இல்லை. எஜேயைவிட ஒன்றிரண்டு வயது சின்னவராகக்கூட இருப்பார்.

"சளி எப்பதான் போகும் உங்களுக்கு?" என்று கேட்டாராம் எஜே. நேரில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் முன்னாலேயே ஃபோனில் சொல்லிவிட, தெமிர்குல் பஸ்ஸுக்குக் காத்திருந்தாராம்.

மோடத்தின் பின்மூடியைக் கழற்றினார்கள். உள்ளே சின்ன விசை ஒன்று. இந்த மாதிரி லைனில் ஒரு முனை தாளம் போட வேண்டும், மறு முனை அதைக் கேட்டுக் கூடவே போக வேண்டும். எந்தப் பெட்டி போடுவது, எது கேட்பது என்பதை அந்த விசைதான் தீர்மானிக்கும். எஜே கராக்கோலில் தன் பெட்டியைத் தாளம் போடுகிற பக்கம் வைத்திருந்தார். இங்கே பார்த்தால் தெமிர்குலும் அப்படியே வைத்திருக்கிறார்.

"ஏன் இப்படி வெச்சீங்க?"

"புத்தகத்துல போட்டிருக்கே. 'அருகிலுள்ள பெட்டியை முன்னணியில் வைக்கவும்'னு. எனக்கு அருகில இருக்கிறது இதுதான்."

"எனக்கும் அதே புத்தகம்தான். எனக்கு அருகில இருக்கிறது என்னோடது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை நாள் இரண்டு பெட்டியும் தன் தன் தாளத்தைப் போட்டுக்கொண்டு, ஒன்றுக்கொன்று சற்றுப் பிசகி, பிசகு சேர்ந்து சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. தெமிர்குல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து விசையைத் தள்ளினார். "நீங்களே போடுங்க. நான் கேட்டுக்கிட்டு வர்றேன்" என்றார். அதற்குப் பிறகு லைன் விழவே இல்லை. ஸ்டேஷன் பக்கத்துச் சாயாக்கடையில் எஜேக்குப் புகைபோட்ட மீனும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

லைன் சரியாகிவிட்ட பிறகுதான் ஃபோன் அதிகமானது.

"பாலிக்சி பேசறேன். லைன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அப்ப சரி. வெச்சிடறேன்."

வைக்க மாட்டார். எஜேயும் வைக்க மாட்டார். எக்ஸ்சேஞ்சுப் பெண்களில் ஒருத்தி பொறுக்க முடியாமல் நடுவில் புகுந்து, "யாராவது ஒருத்தர் பொண்ணு கேட்டுத் தொலைங்க, எங்களுக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டாளாம்.

அடுத்த இலையுதிர்காலத்தில் கல்யாணம். முப்பத்து மூன்று வயதுவரை ஆகாத பெண்ணுக்கு ஆகிறதே என்று எஜேயின் அம்மா ஆடு வெட்டி விருந்து வைத்தார். பெண் மாப்பிள்ளை ஊருக்குப் போவதுதான் வழக்கம். தெமிர்குல் மாற்றல் வாங்கிக்கொண்டு கராக்கோலுக்கு வந்துவிட்டார். மாமனார் வீட்டோடு வந்த மாப்பிள்ளை என்று ஊரே கேலி செய்தது. "ரெண்டு முனையும் ஒரே ஊருக்கு வந்துட்டா பராமரிப்புச் செலவு மிச்சம்" என்று சொல்லி அவர் சமாளித்துவிட்டார். வீட்டில்கூட ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் எஜேக்குப் பாலிக்சி. எஜே அவருக்குக் கராக்கோல்.

"அந்த லைன் எப்ப போச்சு எஜே?" என்று இஸ்மார் கேட்டான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"கண்ணாடி இழை வந்ததும் போச்சு. கழட்டுற வேலைக்கு இவரத்தான் மேஸ்திரியா போட்டாங்க. கம்பியச் சுருட்டிச் சுருட்டி லாரியில ஏத்தினார். ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்துக்குவார். அது முடிஞ்ச கையோட வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துட்டார். இப்ப பக்கத்துல அக்-சூ கிராமத்துல தேன்பெட்டி வெச்சிருக்கார். வீட்டுல கம்ப்யூட்டர்னு பேச்செடுத்தா எழுந்து வெளிய போயிடுவார்."

இஸ்மார் அந்த அத்தியாயத்தை விரலால் தள்ளினான். "எஜே, நீங்க இதப் படிக்கவே வேணாம். உங்களுக்குக் கேள்வி வந்தா தூங்கிக்கிட்டே எழுதிடுவீங்க." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எஜேக்கும் தோன்றியது. புது விஷயங்களை எல்லாம் விழுந்து விழுந்து படித்தார். பழைய பாடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

வசந்தத்தில் மூன்று பேரும் பிஷ்கெக் போனோம். ஒரு மாடிக் கட்டடத்தில் பரீட்சை. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். பையையும் ஃபோனையும் வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் முடிவு உடனே திரையில் வந்துவிடும். இஸ்மார் நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். நான் எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு தேறினேன். ஜூரா எஜே வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார். கையில் ஒரு தாள் இருந்தது. எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று அதில் பிரித்துப் போட்டிருந்தது. புதுப் பாடங்கள் எல்லாவற்றிலும் எங்களைவிட எஜே அதிகம் வாங்கியிருந்தார். கவிழ்த்துவிட்டது ஃப்ரேம் ரிலே.

"எப்படி எஜே?" என்றான் இஸ்மார். அவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

எஜே தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் சொந்தக் கல்யாணத்துல நானே ஃபெயில், பெரிஸாத்" என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வாசலில் இருந்த காவலாளி எங்களைத் தண்ணீர் குடிக்கச் சொன்னான்.

திரும்பி வருகிற வேனில், பூம் கணவாய் தாண்டியதும், எங்கே பிசகியது என்று சொன்னார். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணை ஒவ்வொரு முனையும் தன் சௌகரியத்துக்குத் தனியாக வைத்துக்கொள்ளும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்கிறது புத்தகம். எஜேயும் பாலிக்சிக்காரரும் குழப்பம் வேண்டாமென்று இரண்டு முனைக்கும் ஒரே எண்ணை வைத்து வருஷக்கணக்காக ஓட்டியிருந்தார்கள். அது லைனுடைய பெயர் என்றே எஜே நினைத்திருந்தார். கேட்டதெல்லாம் இப்படித்தான். எது எப்படி இருக்க வேண்டும் என்று பரீட்சை கேட்டது. தாங்கள் எப்படிச் செய்தோம் என்று எஜே எழுதினார்.

"தாளம் யார் போடறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு" என்றார். "யாரு சண்டையில தோத்தாங்களோ அவங்க விட்டுக்குடுக்கணும். அப்படி ஒரு விடை அங்க இல்ல."

வீட்டுக்கு அவரோடு நானும் போனேன். தனியாக விட மனசு வரவில்லை. தெமிர்குல் பைகே, அதாவது தெமிர்குல் அண்ணன், முற்றத்தில் தேன்பெட்டிச் சட்டங்களுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"எதுல போச்சு?"

"நம்ம லைன்ல."

"நம்ம லைன்லயா?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாம பண்ணினதெல்லாம் தப்புங்கறாங்களா? அந்தக் கம்பி எத்தன குளிரு தாங்கிச்சு? வங்கிக்காரன் ஒரு நாள் கதவச் சாத்தினானா? எவனோ அமெரிக்காவுல உக்காந்து புத்தகம் எழுதுவான். அவனுக்கு உலான் காத்து தெரியுமா? கெழக்க இருந்து அடிக்கிற சந்தாஷ் காத்து தெரியுமா?"

"கத்தாதீங்க. தேனீ வந்து கொட்டும்."

"கொட்டட்டும்!"

"தப்புன்னு யாரும் சொல்லல, பாலிக்சி. ஓடுச்சு. ஓடினத யாரு தப்புன்னு சொல்ல முடியும்? ஆனா பரீட்சைக்கு நம்மளத் தெரியாது. நாமதான் அதத் தெரிஞ்சுக்கணும்."

பைகே வேலியைத் தாண்டி நடந்துபோய்விட்டார். நான் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவர் திரும்பி வந்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஜே என்னைக் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தால் சாப்பாட்டு மேஜைமேல், அந்த லைனின் இரு முனையிலும் மோடத்தோடு ஓடிய இரண்டு பழைய ரவுட்டர்கள். அலுவலகம் அவற்றைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டபோது பைகே வாங்கி வந்து, காற்றில் பறக்காமல் இருக்கத் தேன்பெட்டி மூடிகளின்மேல் பாரமாக வைத்திருந்தார். இத்தனை வருஷமும் அவை மழையிலும் பனியிலும் கிடந்தன. எஜே மூடியைத் திறந்து பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார். மெழுகும் காய்ந்த தேனீக்களும் மேஜை முழுக்கக் கொட்டிக் கிடந்தன.

"இது உசுரோட வருமா எஜே?"

"அவர்தான் எடுத்துட்டு வந்தார். காலையில எழுந்தா மேஜமேல இருக்கு. ஒரு வார்த்த பேசல."

ஒன்று உடனே எழுந்தது. இன்னொன்று காற்றாடியைத் தட்டித் தட்டி விட்டபிறகு முனகிக்கொண்டு எழுந்தது. இரண்டுக்கும் நடுவில் பைகே நீளக் கேபிள் ஒன்றைக் கட்டினார். ஒன்றைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கேபிள் கதவிடுக்கு வழியாகப் போனது. கொஞ்ச நேரத்தில் எஜேயின் ஃபோன் அடித்தது.

"பாலிக்சி பேசறேன். கராக்கோல், கேக்குதா?"

எஜே கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பிறகு, "கேக்குது பாலிக்சி. சளி போயிடுச்சா?" என்றார்.

மகள் அய்துர்சுன் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, அப்பா சமையல்கட்டுலதான் இருக்கார். சத்தமாப் பேசினாலே கேக்கும்."

"லைன்ல பேசும்போது குறுக்க பேசாத."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அப்படித்தான். நானும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்பேன். எண்ணை இரு முனையிலும் வேறுவேறாகப் போடச் சொன்னால் பைகே சமையலறையிலிருந்து சண்டைக்கு வருவார். "ஒரே எண்ணாப் போட்டாத்தானே ஞாபகம் இருக்கும்?" எஜே விட்டுக்கொடுக்க மாட்டார். "உங்களுக்கு ஞாபகம் இருந்து என்ன, பரீட்சைக்கு இருக்கணுமே." ஆனால் ஃபோனில் பேசும்போது மட்டும் இரண்டு பேர் குரலும் மாறிவிடும். கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் கிண்டல். அந்தக் குரலில் அவர்கள் பேசி எத்தனை வருஷமாகியிருக்குமோ. அய்துர்சுன் முதலில் முகம் சுளித்தாள். பிறகு வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். அப்பா இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

ஒரு நாள் நான் போனபோது பைகே முற்றத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று துள்ளி எழுந்தார்.

"கராக்கோல்! இங்க வா! இதப் பாரு!"

மறு முனையின் முகவரியை ரவுட்டர் தானாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. அந்த வசதி ஆரம்பத்திலிருந்தே அதில் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் அது தெரியாமல், வங்கி ஒவ்வொரு புதுக் கிளை திறக்கும்போதும் எல்லா முகவரிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் தட்டியிருக்கிறார்கள். ஒரு எழுத்து மாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

"அந்த வருஷம் நௌரூஸ் பண்டிகை அன்னிக்கு உக்காந்து தட்டினோமே" என்றார் எஜே மெல்ல. "நீங்க ஃபோன்ல ஒவ்வொண்ணாப் படிச்சீங்க. நான் தட்டினேன். வெளிய எல்லாரும் சுமொலோக் கூழ் குடிச்சிக்கிட்டு இருந்தாங்க."

"தானா வந்திருக்கும்! நாம சும்மா இருந்திருந்தாலே வந்திருக்கும்!" பைகே தொடையில் அடித்துக்கொண்டார். "எவ்வளவு முட்டாளா இருந்திருக்கோம், பாரேன்!"

"தெரிஞ்சிருந்தா நீங்க ஃபோன் பண்ணியிருக்க மாட்டீங்க."

பைகே யோசித்தார். "பண்ணியிருப்பேன்" என்றார். "வேற ஏதாவது காரணம் சொல்லி."

அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த இறுக்கம் போயிற்று. புத்தகக்காரனைத் திட்டுவதையும் விட்டுவிட்டார். மிச்ச அத்தியாயத்தை எஜேக்கு முன்னால் அவரே படித்து முடித்தார். அதில் எஜேயைக் கேள்வி கேட்டு மடக்குவது அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

ஜூனில் எஜே மறுபடி எழுதப் போனார். இந்த முறை பைகே தன் பழைய காரில் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்சீட்டில் இருந்தேன். பிஷ்கெக்கில் வெயில் கொளுத்தியது. பரீட்சைக் கட்டடத்துக்கு எதிரே மரநிழலில் காரை நிறுத்திவிட்டு, ஒரு பக்கெட் செர்ரி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பைகே ஒன்றுகூட வாயில் போடவில்லை. கொட்டையை மட்டும் துப்புகிறவர்போல அடிக்கடி ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்தார். எஜே படி இறங்கி வந்தார். தெருவைக் கடக்கும்போதும் அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"என்ன கராக்கோல்?" என்றார் பைகே, காரைவிட்டு இறங்காமலே.

"ஓடுது" என்றார் எஜே.

பைகே கதவைத் திறந்து இறங்கினார். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டார். எங்கள் ஊர் ஆண்கள் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை. செர்ரி பக்கெட் சாய்ந்து கார் சீட்டெல்லாம் கறையானது. அந்தக் கறை அந்தக் காரை விற்கும்வரை போகவில்லை.

அப்புறம் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வாங்காதவர்களைக் கவுண்டருக்கு அனுப்புவோம் என்ற உத்தரவு அந்த வருஷக் கடைசிக்குள்ளேயே மறந்துபோயிற்று. நிர்வாகம் மறுபடியும் மாறிவிட்டது. இஸ்மார் அல்மாட்டிக்கு வேலைக்குப் போய்விட்டான். பெருநாளுக்கு வரும்போது இன்றும் அவன் அம்மா கையால் செய்த அஷ்லான்ஃபூவோடு அலுவலகத்துக்கு வருவான். எஜே இணைப்புப் பிரிவுக்குத் தலைவரானார். ஏரியைச் சுற்றிக் கண்ணாடி இழை வளையம் போடுகிற வேலை முழுவதும் அவர் பொறுப்பில்தான் நடந்தது. தென்கரையில் பனி உருகுவதற்கு முன்னால் பள்ளம் தோண்டுகிற ஆட்களோடு அவரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பார்.

சில வருஷம் கழித்துப் பரீட்சைப் பாடத்தைப் புதுப்பித்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி புதுப் பதிப்பை வாங்கி வந்திருந்தாள். எஜே அதை வாங்கி, பொருளடக்கத்தை மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தார். ஃப்ரேம் ரிலே இல்லை. ஹப், டோக்கன் ரிங் எதுவும் இல்லை. "எடுத்துட்டாங்களா, நல்லதுதான், பிள்ளைங்களுக்குப் பாரம் குறைஞ்சுது" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிட வராமல் ஜன்னலோரம் நின்று ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். இப்போது அக்-சூவில் பைகேயோடு தேனீக்களைப் பார்த்துக்கொள்கிறார். போன கோடையில் நான் போயிருந்தபோது வீட்டில் இணையம் நின்றுபோயிருந்தது. பேத்தி கார்ட்டூன் பார்க்க முடியவில்லை என்று அழுதாள். எஜே வாடிக்கையாளர் உதவி எண்ணுக்கு ஃபோன் செய்தார். மறு முனையில் சின்னப் பெண்ணின் குரல், எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி இருந்தது.

"எஜே, பயப்படாதீங்க. பெட்டியில பின்னாடி ஒரு பட்டன் இருக்கும். அத அணைச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போடுங்க. புரியுதா? மெதுவாச் செய்ங்க."

"புரியுதும்மா" என்றார் எஜே. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எஜே என்னைப் பார்த்துக் கண்ணால் அதட்டிவிட்டு, எழுந்து போய்ப் பட்டனை அணைத்தார். அவள் சொன்னபடியே காத்திருந்து மறுபடி போட்டார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பேத்தி கைதட்டினாள்.

"வந்துடுச்சு கண்ணு. நல்லாச் சொல்லிக் குடுத்தே" என்று ஃபோனில் சொன்னார் எஜே. பிறகு, "வெளிய காத்து பலமா இருக்கா அங்க? பாலிக்சியிலிருந்தா பேசறே?" என்று கேட்டார். அந்தப் பெண் பிஷ்கெக்கிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். அங்கே காற்றில்லை, வெயில்தான் என்றாள். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.